ஹட்டன் பட்டறைக்கு ஒரு கேபினட் டேபிள் சோ: நிகழ்வு ஆய்வு

டேபிள் சோ (மேசையின் நடுவில் வட்ட பிளேட் எழுந்து நிற்கிற மரம் அறுக்கும் மெசின்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை குதிரைவலு?" என்றுதான். விற்கிறவரும் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். இலங்கையின் ஹட்டனிலிருந்து டிக்கோயா போகிற வழியில் உள்ள ஒரு தச்சுப் பட்டறைக்கு மெசின் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த வேலையில் குதிரைவலு கடைசியாகத்தான் பேச்சுக்கு வந்தது. மலைநாட்டில் எந்த மெசின் என்பதைத் தீர்மானிப்பது நாம் அறுக்கிற மரமும் நம் வாசலுக்கு வருகிற கரண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காக அளந்து பார்த்தால் பட்டியலில் பாதி மெசின்கள் தாமாகவே கழன்றுவிடும். அப்படிக் கழன்றது எப்படி என்பதை, இதே யோசனையில் இருக்கும் மற்றப் பட்டறைக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று விவரமாக எழுதுகிறேன். ஆட்களின் பெயர் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவரை நான் கூப்பிடுகிற மாதிரியே இங்கும் அண்ணன் என்று எழுதுகிறேன்.

பட்டறை

24 அடிக்கு 16 அடி. தகரக் கூரை, சீமெந்துத் தரை, ரோட்டிலிருந்து படியேறித்தான் போக வேண்டும். அண்ணன், அவருடைய மகன், வயதான ஒரு தச்சர் (பெரிய பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்), ஓர் இளைஞர் என்று நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கதவு, யன்னல், நிலை, கட்டில், அலுமாரி என்று எல்லாமே உண்டு. சமீப காலமாக பென்ட்ரி கபட் வேலையும் வருகிறது.

இத்தனை வருடமும் ஓடியது உள்ளூர் வெல்டிங் கடையில் செய்த சோ பெஞ்ச். ஆங்கிள் இரும்புச் சட்டம், அதன்மேல் இரும்புத் தகடு, கீழே பழைய மோட்டர், பெல்ட், 12 அங்குல பிளேட். பிளேட்டுக்கு மேல் மூடி இல்லை, பின்னால் ஒன்றுமே இல்லை. மலையகத்தில் இப்படியான பெஞ்சுகள்தான் அதிகம். பெரிய பாஸின் இடது கையில் இரண்டு விரல் நுனிகள் இல்லை. இளம் வயதில் வேறொரு பட்டறையில், இதே மாதிரி பெஞ்சில் போனவை.

தென்மேல் பருவ மழைக்காலத்தில் ஒரு நாள் எட்டடி யூகலிப்டஸ் சட்டம் ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தபோது மெசின் திருப்பி அடித்தது. அந்தச் சட்டம் பின்பக்கத் தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு பாதி வெளியே போய் நின்றது. தள்ளிக்கொண்டிருந்த இளைஞர் நேர் கோட்டில் நிற்காமல் அரை அடி விலகி நின்றதால் தப்பினார். அண்ணன் அன்றைக்கே பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, இனி இந்தப் பெஞ்சில எவனையும் நிறுத்த மாட்டேன். நல்ல மெசினாப் பாருங்க."

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான மெசின் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்று சொல்லிப் பல தலைமுறை ஆகிறது. ஆனாலும் எங்கள் பட்டறைகளில் காப்பு என்பது மெசினோடு வந்தால்தான் உண்டு. பிறகு வாங்கிப் பூட்டுவோம் என்று நினைத்தால் அது நடக்காது. அதனால் காப்போடு வருகிற மெசின்தான் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

ஓடர் புத்தகம்

அண்ணனின் மனதில் ஏற்கனவே ஒரு மெசின் இருந்தது. கண்டியில் தெரிந்த ஒருவர் சீனாவில் செய்த ஸ்லைடிங் பெனல் சோ வைத்திருக்கிறார். 3200 மில்லிமீற்றர் ஓடும் மேசை, 5.5 கிலோவாட் மோட்டர், மெலமைன் போர்டின் அடிப்பக்கம் சிதறாமல் முதலில் கீறிவிடும் சின்ன பிளேட் தனியாக. பென்ட்ரி கபட் செய்கிறவர்களுக்கு அது அருமையான மெசின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் முந்திய வருடத்து ஓடர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். போர்டு வேலை கால்வாசிதான். மிச்சமெல்லாம் மரம்: நிலைச் சட்டம், கதவுச் சட்டம், யன்னல் கம்பி பிடிக்கும் சட்டம், கட்டில் கால். அதாவது இந்தப் பட்டறையின் முக்கிய வேலை பலகையை நெடுக்காகக் கிழிப்பது. ஸ்லைடிங் மெசினிலும் கிழிக்கலாம்தான். ஆனால் எண்ணூறு கிலோவுக்குக் குறையாத எடை, மேசை முன்னும் பின்னும் ஓட ஏழு மீற்றர் வரை இடம். பட்டறையின் முழு நீளமே 24 அடி, அதாவது 7.3 மீற்றர். அதற்கு இடம் கொடுத்தால் சீவுகிற மெசினை வெளியே வைக்க வேண்டியதுதான். அந்த எடையைப் படியேற்றுவது வேறு.

போர்டு வேலைக்கு வேறு வழி இருக்கிறது. 2440 க்கு 1220 மில்லிமீற்றர் முழு போர்டைத் தரையில் கட்டைகளின்மேல் போட்டு, நேர்சட்டம் பூட்டி, கையில் பிடிக்கிற வட்டவாளால் ஓரிரு மில்லிமீற்றர் கூடுதலாகத் துண்டு போட்டுக்கொள்ளலாம். கடைசி அளவை டேபிள் சோவில் எடுக்கலாம். கால்வாசி வேலைக்கு இது போதும். ஸ்லைடிங் மெசின் பட்டியலை விட்டுப் போனது. அண்ணனுக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான்.

மரம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். மெசின் விற்கிற இடங்களில் யாரும் இதைப் பேசுவதில்லை.

ஹட்டன் பக்கத்துப் பட்டறைகளில் அதிகம் ஓடுவது யூகலிப்டஸ், சவுக்கு (சில்வர் ஓக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்), பைனஸ், அல்பீசியா. கீழ்ப்பக்கமிருந்து மஹோகனி, பலா, தேக்கு வரும். ஊசி குத்திப் பார்க்கிற ஈரமானியை எடுத்துப் பட்டறையில் கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "காய்ந்தது" என்று சொல்லி வாங்கிய யூகலிப்டஸில் 24, 26 சதவீதம் என்று காட்டியது. கூரைக்கடியில் ஒரு வருடம் கிடந்த சவுக்கில் 17. அதற்குக் கீழே எந்தப் பலகையும் இறங்கவில்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை. சுற்றியிருக்கும் காற்று எவ்வளவு ஈரமோ அதற்கேற்ற அளவில்தான் மரம் வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் சுமார் 12 சதவீதத்துக்கு இறங்கும். 80 சதவீதம் என்றால் 16 இல் நின்றுவிடும். 90 என்றால் 20 வரைக்கும் போகும். ஹட்டன் சுமார் 1270 மீற்றர் உயரம், தென்மேல் பருவக்காற்றுக்கு நேர் முகம். ஜூனில் மழையும் மூடுபனியுமாக நிற்கும்போது எத்தனை வருடம் அடுக்கி வைத்தாலும் மரம் 16 க்குக் கீழே இறங்க வழியில்லை.

ஈரம் ஒரு பக்கம். இன்னொன்று யூகலிப்டஸின் குணம். மளமளவென்று வளர்கிற மரம் அது. வளரும்போதே வெளிப்பக்கம் இழுபட்டும் உள்பக்கம் நெருக்கப்பட்டும் இருக்கும். அந்த இழுவிசை பலகையான பிறகும் உள்ளே தங்கியிருக்கும். நெடுக்காகக் கிழிக்கும்போது ஒரு பலகை இரண்டாக விரிந்து வளையும். இன்னொன்று அறுத்த வாயை மூடிக்கொண்டு பிளேட்டைக் கவ்வும். எது எதைச் செய்யும் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

கவ்வினால் என்ன ஆகும்? பிளேட்டின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தி வெட்டுகின்றன. பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே எழுகின்றன. பலகை அந்தப் பின்பற்களில் மாட்டினால் தூக்கி நம்மை நோக்கி எறியும். 10 அங்குல பிளேட் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் விநாடிக்கு 53 மீற்றர், மணிக்கு 190 கிலோமீற்றர். தகரச் சுவரைத் துளைத்தது அப்படியான வேகம்தான்.

இதற்கு மருந்து ரைவிங் நைஃப். பிளேட்டுக்குப் பின்னால், அதன் வளைவை ஒட்டி நிற்கிற ஒரு தட்டையான உருக்குத் தகடு. பிளேட் ஏறினால் கூடவே ஏறும், இறங்கினால் இறங்கும், சாய்ந்தால் சாயும். அறுத்த வாய் மூட வந்தால் பிளேட்டைக் கவ்வ விடாமல் இது நடுவில் நிற்கும். ஐரோப்பிய மெசின்களில் இது பழைய சங்கதி. அமெரிக்க மெசின்களில் 2008 ஐ ஒட்டித்தான் பரவலாக வந்தது. அதற்கு முந்திய மெசின்களில் இருந்த ஸ்ப்ளிட்டர் பிளேட்டோடு ஏறி இறங்காது. பலகையில் காடி, அதாவது நீளப் பள்ளம், போடும்போது அதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் திரும்பப் பூட்டுகிறவர் நூற்றில் ஒருவர்.

நன்றாக உலர்ந்த மஹோகனியை மட்டும் அறுக்கிற பட்டறை ரைவிங் நைஃபை ஒரு கூடுதல் வசதியாக நினைக்கலாம். ஈர யூகலிப்டஸ் அறுக்கிற மலைநாட்டுப் பட்டறைக்கு அது இல்லாத மெசின், எவ்வளவு பெரிய கம்பனியுடையதாக இருந்தாலும், வேண்டவே வேண்டாம். இதில் நான் யாருக்காகவும் இறங்கி வரமாட்டேன்.

கரண்ட்

வீட்டுக்கும் பட்டறைக்கும் சேர்த்து 30 ஆம்பியர் ஒற்றை பேஸ் இணைப்புத்தான் இருந்தது. 3 குதிரைவலு, அதாவது 2.2 கிலோவாட் மோட்டர் ஒற்றை பேஸில் ஓடும்போது சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்தக் கணத்தில் அதைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். அதே மோட்டர் 400 வோல்ட் மூன்று பேஸில் ஐந்து ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

மலைச்சரிவில் டிரான்ஸ்போமரிலிருந்து நீளமாக இழுத்த லைனின் கடைசியில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். மாலையில் எல்லா வீட்டிலும் சமையல் தொடங்கிவிட்டால் பட்டறையில் 230 வோல்ட் 200 க்கு இறங்குவதை மீற்றரில் பார்த்தோம். மோட்டரின் முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 200 வோல்ட்டில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். அப்படியென்றால் 3 குதிரைவலு என்று காசு கொடுத்து வாங்கியது மாலை ஆறு மணிக்கு அந்தப் பலத்தோடு இல்லை. குதிரைவலு பற்றிய கேள்வியைக் கடைசியில் வைக்கச் சொல்வது இதனால்தான். முதலில் லைனைச் சரி செய்ய வேண்டும். ரோட்டுக் கம்பத்தில் மூன்று பேஸும் ஓடியதால் மின்சார சபையில் 30 ஆம்பியர் மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்தோம்.

இன்னொரு கேள்வியையும் பலர் கேட்கிறார்கள்: உயரமான இடத்தில் மோட்டர் சூடாகாதா? மோட்டர்களின் தரம் 1000 மீற்றர் உயரம் வரைக்கும், 40 பாகை வெப்பம் வரைக்கும் என்று கணக்கிட்டுக் கொடுப்பது வழக்கம். அதற்கு மேலே காற்று மெலிந்திருப்பதால் குளிர்ச்சி கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ 40 பாகை வெயிலை யாரும் கண்டதில்லை. குளிரே அந்தக் குறையை ஈடு செய்துவிடும். இதற்காகப் பெரிய மோட்டர் வாங்கத் தேவையில்லை.

ஹெர்ட்ஸ் விஷயத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவுக்கென்று செய்த 60 ஹெர்ட்ஸ் மெசினை நம்முடைய 50 ஹெர்ட்ஸில் போட்டால் 3450 சுற்று ஓட வேண்டிய மோட்டர் 2850 தான் ஓடும். பிளேட்டின் வேகமும் விநாடிக்கு 53 மீற்றரிலிருந்து 44 க்கு இறங்கிவிடும். மோட்டர் வழக்கத்தைவிடச் சூடாகும். 50 ஹெர்ட்ஸுக்கென்று செய்த மெசினில் பெல்ட் ஓடும் கப்பியின் அளவே வேறு. மோட்டர் தகட்டைப் படிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

மிஞ்சியவை

ஸ்லைடிங் போன பிறகு மூன்று மிஞ்சின: தைவானில் செய்த புதிய 10 அங்குலக் கேபினட் சோ, ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் மெசின், விரல் பட்டால் பிளேட்டே நின்றுவிடுகிற சோஸ்டொப். வெல்டிங் கடைக்காரர் இன்னும் தடித்த இரும்பில் புதுப் பெஞ்ச் செய்து தருவதாகச் சொல்லியனுப்பினார். அதை நாங்கள் பேச்சுக்கே எடுக்கவில்லை.

கேபினட் சோ என்றால் பெட்டி மாதிரி மூடிய மெசின் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பிளேட்டையும் மோட்டரையும் தாங்குகிற வார்ப்பிரும்புத் தொகுதி எதில் பூட்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம். விலை குறைந்த டேபிள் சோவில் அது மேசையின் அடியில் தொங்கும். கேபினட் சோவில் அது பெட்டியிலேயே உட்காரும், மேசை தனியாக மேலே நான்கு போல்ட்டில் நிற்கும். அதனால் பிளேட்டுக்கும் மேசைக் காடிக்கும் நேர் தவறினால் மேசையை மட்டும் தட்டிச் சரிசெய்யலாம். எடை இருப்பதால் அதிர்வும் குறைவு. 1939 இல் டெல்ட்டா கம்பனி யூனிசோவைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த வகையின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை.

மெசின் பார்க்க மொறட்டுவைப் பக்கம் போனோம். போகும்போது பட்டறையிலிருந்த ஒரு யூகலிப்டஸ் சட்டத்திலிருந்தே வெட்டிய நான்கடித் துண்டுகளையும் உலர்ந்த மஹோகனித் துண்டுகளையும் வேனில் போட்டுக்கொண்டோம். கடையில் வைத்திருக்கிற காய்ந்த பைனஸ் துண்டை அறுத்துக் காட்டினால் எந்த மெசினும் வெண்ணெய் மாதிரித்தான் வெட்டும். நம் மரத்தை நாமே கொண்டுபோக வேண்டும்.

முதலில் ஜப்பான் மெசின். அண்ணனுக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. எனக்கும்தான். இரும்பு நேர்சட்டத்தை மேசைமேல் மூலைக்கு மூலை வைத்து, இடைவெளி பார்க்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தேன். 0.05 மில்லிமீற்றர் தகடுகூட நுழையவில்லை. பழைய வார்ப்பு, உள் இறுக்கமெல்லாம் தளர்ந்து நிலைத்துப்போனது. மோட்டர் 200 வோல்ட் மூன்று பேஸ். ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60. இந்தத் தகட்டில் இரண்டுமே போட்டிருந்ததால் சுற்று வேகம் குறைந்தாலும் சூடு பிரச்சினை இல்லை. 400 வோல்ட்டை 200 ஆக்க ஒரு டிரான்ஸ்போமர் வேண்டும், அல்லது 230 வோல்ட் ஒற்றை பேஸை மூன்று பேஸாக்கித் தரும் இன்வேர்ட்டர் டிரைவ் ஒன்று போட்டால் அதன் வெளியீடே இந்த மோட்டருக்குப் பொருந்தும். கரண்ட் பக்கம் எல்லாம் தீர்க்கக் கூடியவைதான்.

ஆனால் ரைவிங் நைஃப் இல்லை. அது நிற்கிற பிடியையே யாரோ கழற்றியிருந்தார்கள். லேத் கடையில் செய்து போடலாம் என்று விற்பவர் சொன்னார். தகடு செய்வது கஷ்டமில்லை. பிளேட்டோடு சேர்ந்து ஏறி, இறங்கி, சாய்கிற பிடியைச் செய்வது அந்த மெசினின் வார்ப்பையே மாற்றுகிற வேலை. அந்த மெசினில் மஹோகனியை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். வெட்டு கண்ணாடி. யூகலிப்டஸைக் கிழிக்க நான் சம்மதிக்கவில்லை.

தைவான் மெசினில் மேசை அவ்வளவு துல்லியமில்லை. ஒரு மூலையில் 0.15 மில்லிமீற்றர் நுழைந்தது. மர வேலைக்கு அது தாராளம். பிளேட் உட்காரும் தட்டில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றினேன். ஊசி 0.02 மில்லிமீற்றருக்குள் நின்றது. இது மேசையின் சமதளத்தைவிட முக்கியம். தட்டில் சிறு ஆட்டம் இருந்தால் பிளேட்டின் விளிம்பில் அது பல மடங்காகத் தெரியும். பலகையை ஒட்டித் தள்ளுகிற நேர்சட்டமான ஃபென்ஸ் டி வடிவத்தது, முன்குழாயில் மட்டும் பூட்டுவது. பூட்டிய பிறகு கடைசி முனையைப் பெருவிரலால் தள்ளினேன். அரை மில்லிமீற்றருக்குள் அசைந்து திரும்பி வந்தது. அண்ணன் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியை மேசையில் விளிம்பில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். குற்றி விழவில்லை. அதன் பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்புறம் யூகலிப்டஸ். சட்டத்தைப் பாதிவரை தள்ளியதும் பின்பக்கம் அறுத்த வாய் மெதுவாக மூடிக்கொண்டு வருவதைக் கண்ணால் பார்த்தோம். மூன்று மில்லிமீற்றருக்கு மேலிருந்த இடைவெளி கடைசி முனையில் ஒட்டியே விட்டது. சட்டம் ரைவிங் நைஃபை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து நின்றது. தள்ள முடியவில்லை. மோட்டர் சத்தம்கூட மாறவில்லை, பிளேட் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தி, வாயில் ஓர் ஆப்பு செருகி, மறுபடி ஓட்டி முடித்தோம். தகட்டின் இரண்டு முகத்திலும் மரச்சாறு தேய்த்த கருங்கோடு விழுந்திருந்தது. கூட வந்திருந்த பெரிய பாஸ் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதையே எடுங்க" என்றார். முதலாளியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார், வயதில் தான் மூத்தவராக இருந்தும்.

சோஸ்டொப் பற்றி

இதைத் தள்ளியதற்கான காரணத்தை நேர்மையாக எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் பட்டியலில் பாதுகாப்பில் இதற்கு ஈடு வேறில்லை. ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999 இல் யோசித்த ஏற்பாடு. 2004 இல் முதல் மெசின்கள் விற்பனைக்கு வந்தன. பிளேட்டில் ஒரு மெல்லிய மின் சைகை ஓடும். உடல் பட்டால் அந்தச் சைகை மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேட்டுக்குள் பாய்ந்து 5 மில்லிவிநாடிக்குள் நிறுத்திவிடும். விரலில் ஒரு கீறலோடு தப்பலாம். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 30,000 பேர் அளவில் டேபிள் சோ பிளேட் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பெரிய பாஸின் கையைப் பார்த்துக்கொண்டு இதை வேண்டாம் என்று சொல்வது எனக்கு லேசாக இல்லை.

தடையாக நின்றது மறுபடியும் ஈரம்தான். நன்றாக ஈரமான மரம் கரண்டைக் கடத்தும். பிளேட்டுக்கு அதுவும் உடல் மாதிரியே தெரியலாம். அப்படித் தவறுதலாகப் பாய்ந்தால் அந்தக் கட்டை அடங்கிய பிரேக் கார்ட்ரிட்ஜ் அதோடு முடிந்தது, பிளேட்டும் பெரும்பாலும் போய்விடும். ஈர மரம் அறுக்கும்போது அந்தக் காப்பை நிறுத்தி வைத்து ஓட்ட மெசினிலேயே வழி இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டறையில் பாதி நாள் அப்படித்தான் ஓட்ட வேண்டிவரும். நிறுத்தியே வைத்திருக்கப்போகிற காப்புக்காக அவ்வளவு பணம் கொடுப்பது சரியில்லை என்று அண்ணன் சொன்னார். உலர்ந்த மரமும் போர்டும் மட்டும் அறுக்கிற பட்டறையாக இருந்திருந்தால் கடன் வாங்கியாவது இதை எடுக்கச் சொல்லியிருப்பேன். பழகுநர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற இடங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

ஏற்றியதும் பூட்டியதும்

தைவான் மெசின் சுமார் 240 கிலோ. ரோட்டிலேயே பெட்டியைப் பிரித்து மேசை, பக்க மேசைகள், மோட்டர், ஃபென்ஸ் எல்லாவற்றையும் கழற்றினோம். பெட்டியை மூங்கில் காவுதடியில் கட்டிப் பக்கத்துத் தோட்ட லயத்துப் பையன்கள் படியேற்றினார்கள். கேபினட் சோவில் மேசை தனியாகக் கழல்வது இங்கேயும் கைகொடுத்தது.

எட்டடிப் பலகைக்கு மெசினின் முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். அதனால் பின்பக்கம் வாசல் கதவை நோக்கும்படி நீளவாட்டில் வைத்தோம். நீளமான நிலைச் சட்டம் கதவு வழியாக வெளியே போகலாம். தள்ளுகிறவருக்குப் பின்னால் யாரும் நிற்காதபடி பணிமேசையைப் பக்கச் சுவருக்கு மாற்றினோம்.

பிளேட்டின் ஒரு பல்லில் பேனாவால் அடையாளம் போட்டு, மேசைக் காடியிலிருந்து அந்தப் பல்லின் தூரத்தை முன்னால் ஒரு தடவை, அதே பல்லைப் பின்னால் சுற்றி ஒரு தடவை டயல் கேஜால் அளந்தோம். 0.25 மில்லிமீற்றர் வித்தியாசம். மூன்று போல்ட்டைத் தளர்த்தி, நான்காவதை மட்டும் மெதுவாகப் பிடிக்க விட்டு, மேசையின் மூலையை மரச்சுத்தியலால் தட்டினோம். 0.05 க்கு வந்ததும் இறுக்கினோம். பிறகு ஃபென்ஸைக் காடிக்கு நேராக்கி, பின்முனையை மட்டும் 0.1 அளவு வெளியே விட்டோம். ஈர மரத்துக்கு அந்தச் சிறு விலகல் உதவும்.

மூன்று பேஸ் வரும்வரை சும்மா இருக்க முடியாது. மோட்டர் 230/400 வோல்ட் வகை. அதன் சுருள்களை 230 வோல்ட்டுக்கான டெல்ட்டா முறையில் இணைத்து, ஒற்றை பேஸில் ஓடும் இன்வேர்ட்டர் டிரைவ் ஒன்றோடு ஓட்டினோம். மெதுவாக வேகமெடுப்பதால் ஸ்டார்ட் இழுவையும் இல்லை. மரத்தூள் புகாத பெட்டிக்குள் டிரைவை வைத்தோம், இடி மின்னல் காலத்தில் பிளக்கைக் கழற்றினோம். மூன்று பேஸ் வந்ததும் மோட்டரை 400 வோல்ட்டுக்கான ஸ்டார் முறைக்கு மாற்றி மெக்னட்டிக் ஸ்டார்ட்டர் போட்டாயிற்று. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெசின் தானாக ஓடத் தொடங்காமல் இருக்க இந்த ஸ்டார்ட்டர் அவசியம். ஒரு பேஸ் போனால் நிறுத்துகிற ரிலேயும் கூடவே வேண்டும். மலை லைனில் மரம் விழுந்து ஒரு கம்பி மட்டும் அறுவது சாதாரணம்.

பிளேட் வாங்கும்போது ரைவிங் நைஃபின் தடிப்பைப் பார்க்க வேண்டும். தகடு பிளேட்டின் உடலைவிடத் தடிப்பாகவும் பல்லின் அகலத்தைவிட மெல்லிதாகவும் இருக்க வேண்டும். இந்த மெசினின் தகடு 2.5 மில்லிமீற்றர். பல் 3.2, உடல் 2.2 உள்ள பிளேட்டுகள் இதற்குச் சரி. பல் 2.2 மட்டும் உள்ள மெல்லிய பிளேட்டைப் போட்டால் பலகை தகட்டில் முட்டி நிற்கும். அப்போது கோபத்தில் தகட்டைத்தான் கழற்றுவார்கள். கிழிக்க 24 பல், போர்டுக்கு 60 பல் என்று இரண்டு பிளேட் வாங்கினோம்.

துருவும் தூளும்

வார்ப்பிரும்பு மேசைக்கு மலைநாட்டில் முதல் எதிரி காலைப் பனி. இரவெல்லாம் குளிர்ந்த இரும்பின்மேல், கதவைத் திறந்ததும் ஈரக் காற்று பட்டால் வியர்த்துவிடும். ஒரே நாளில் செம்பழுப்புப் புள்ளி விழும். நிறமில்லாத மெழுகைத் துணியால் தேய்த்து, காய்ந்ததும் துடைத்துவிட வேண்டும். பலகையும் வழுக்கிக்கொண்டு போகும். சிலிக்கோன் கலந்த ஸ்ப்ரே வேண்டாம், மரத்தில் ஒட்டி வார்னிஷைப் பிடிக்க விடாது. இரவில் தடித்த கம்பளியால் மூடுகிறார்கள். ஈரப் பலகையை இரவு மேசைமேல் விட்டுப் போகக் கூடாது என்பது இப்போது பட்டறைச் சட்டம்.

சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். பெட்டியின் அடியில் உள்ள 4 அங்குல வாயில் தூள் உறிஞ்சியைப் பூட்டிய பிறகு அந்த இளைஞரின் முழங்கைத் தடிப்பு அடங்கியது. ஈரத் தூள் மட்டும் குழாயில் போகாமல் பெட்டிக்குள் அப்பிக்கொள்கிறது. கிழமைக்கு ஒரு தடவை கதவைத் திறந்து சுரண்டி எடுக்கிறார்கள்.

இன்று வரை

மழைக்காலம் ஒன்று முழுதாகக் கடந்து மறுபடி அளந்தபோது காடிக்கும் பிளேட்டுக்குமான நேர் 0.05 இலேயே நின்றது. யூகலிப்டஸை இப்போது ஒரே தடவையில் கடைசி அளவுக்குக் கிழிப்பதில்லை. ஆறு மில்லிமீற்றர் கூடுதலாகக் கிழித்து, இடைக்கட்டை வைத்து அடுக்கி, வளைய வேண்டிய மட்டும் வளைய விட்டு, சீவி நேராக்கிய பிறகு மறுபடி கிழிக்கிறார்கள். பலகை ரைவிங் நைஃபைக் கவ்வி நிற்பது இப்போதும் உண்டு. திருப்பி அடித்தது ஒரு தடவையும் இல்லை.

குறை ஒன்று இருக்கிறது. மெசினோடு வந்த மேல்மூடி ரைவிங் நைஃபில்தான் பூட்டுகிறது. காடி போடும்போது மூடியைக் கழற்றத்தான் வேண்டும், பிறகு சில வேளை மறந்துபோகிறார்கள். கூரைச் சட்டத்திலிருந்து தனியாகத் தொங்குகிற மூடி ஒன்றைச் செய்ய அண்ணனின் மகன் அளவெடுத்திருக்கிறான். அதோடு பின்வளவில் மரம் உலர்த்த ஒரு சின்ன அறை கட்டும் பேச்சும் நடக்கிறது. மரம் நிரந்தரமாக 12, 13 சதவீதத்துக்கு வந்துவிட்டால் சோஸ்டொப்பை மறுபடி பேசுவோம் என்று அண்ணனே சொன்னார். நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன்.